ஒரு கைக்கு எந்தக் கேமரா?

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்குக் காத்திருந்தபோது ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வியாசர்பாடிப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். பைக் விபத்து. வலது கை தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. கை இருக்கிறது, அதற்கு வருகிற நரம்புதான் போய்விட்டது. என் கதையேதான். விழுகிற வேகத்தில் தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட, நடுவில் இருக்கும் நரம்புக் கொத்து அறுந்துவிடும். பிரேக்கியல் பிளெக்சஸ் காயம் என்பார்கள். பைக்கில் போகிற வயசுப் பையன்களுக்கு வருவது.

என் கழுத்தில் கிடந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தவன், “அண்ணா, ஒத்தக் கையால எடுக்க வருதா? நானும் ஒண்ணு வாங்கணும். முப்பதாயிரம் வெச்சிருக்கேன். இன்னா வாங்கலாம்?” என்றான்.

“போனே போதும்டா” என்று சொல்லி முடிப்பதற்குள் என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகுதான் உறுத்தியது. நானே போனை விட்டுவிட்டுக் கேமராவுக்கு வந்தவன். அவனுக்கு மட்டும் ஏன் அப்படிச் சொன்னேன்? நாலைந்து வருடமாக ஒவ்வொன்றாக வாங்கி, விற்று, கடன் வாங்கிப் பார்த்ததை வைத்து இப்போது முறையாகச் சொல்கிறேன்.

கடையில் போய் நின்றால் மெகாபிக்சல், சென்சார், ஃபோர்கே வீடியோ என்று ஆரம்பிப்பார்கள். ஒற்றைக் கைக்காரனுக்கு அதெல்லாம் பிற்பாடு. நான் பார்ப்பது இரண்டு. படம் எடுக்காத நேரத்தில் கை எனக்குத் திரும்பக் கிடைக்கிறதா? இன்னொருவர் மாட்டிவிடாமல், பிடித்துக்கொடுக்காமல், நானே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப முடிகிறதா?

முதல் கேள்வி இரண்டு கை உள்ளவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க, சில்லறை கொடுக்க, கொசு அடிக்க, ஈரத்தரையில் வழுக்கினால் சுவரைத் தொட, எல்லாவற்றுக்கும் எனக்கு இருப்பது இந்த இடது கை ஒன்றுதான். அதில் ஒரு பொருள் ஏறி உட்கார்ந்துவிட்டால் அது இறங்குகிறவரை நான் கையில்லாதவன்.

சோதித்துப் பார்த்த இடங்கள் மூன்று. காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் நடக்கிற மீன் ஏலம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கேரம் கிளப். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், துணிக்கடைகள் வரிசையாக இருக்கும் எம்.சி. ரோடு. முதலாவதில் இருட்டும் ஈரமும். அடுத்ததில் மங்கல் வெளிச்சமும் விரல் வேகமும். மூன்றாவதில் நெரிசல் மட்டுமே, ஆனால் அதுவே போதும்.

போனிலிருந்து தொடங்குவோம். ஏற்கெனவே கையில் இருக்கிறது, 200 கிராம் சுற்றுவட்டாரத்தில்தான் எடை, தனியாகச் செலவில்லை. வால்யூம் பொத்தானை அழுத்தினாலே படம் எடுக்கும். சாம்சங் போன்களில் ஷட்டர் பொத்தானைத் திரையில் கட்டைவிரல் எட்டுகிற இடத்துக்கு இழுத்து வைத்துக்கொள்ளலாம். ‘கேப்சர்’, ‘சீஸ்’ என்று வாயால் சொன்னாலும் எடுக்கும். ஐபோனில் 2019இலிருந்து போன் முழுவதையுமே குரலால் இயக்கும் வசதி உண்டு, விரலே வேண்டாம். பர்மா பஜாரில் 200 ரூபாய்க்குள் ஒரு ப்ளூடூத் பொத்தான் கிடைக்கிறது. போனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று அழுத்தலாம். கைக்கு உதவி என்று பார்த்தால் எந்தக் கேமராவும் போனிடம் தோற்றுப்போகும். கேரம் கிளப்பில் நான் “கேப்சர்” என்று கத்தியதை வைத்து இன்றுவரை என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அது வேறு விஷயம்.

ஆனால் போனுக்கு ஒரு குணம் உண்டு, அதைக் காசிமேட்டில்தான் கண்டுபிடித்தேன். அது கையை விடவே விடாது. எடுக்க வேண்டும், எழுப்ப வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், நாலு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் தொட வேண்டும். எடுத்து முடித்ததும் மறுபடி பையில் போட வேண்டும். அங்கே தரையெல்லாம் ஐஸ் கரைந்த தண்ணீரும் செதிலும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் “வழி வழி” என்று இடித்துக்கொண்டு போவார்கள். கையைக் காலியாக வைத்திருந்தால்தான் நிற்க முடியும். காலியாக வைத்திருந்தால் போன் பையில் இருக்கும். ஏலம் விடுகிற அக்கா வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிற அந்த ஒரு நொடிக்கு நான் எப்போதும் பூட்டுத் திறந்துகொண்டிருந்தேன். இரண்டு தடவை போனைத் தண்ணீரில் போட்டேன். இருட்டுக்கென்று இருக்கும் நைட் மோடும் இரண்டு மூன்று விநாடி அசையாமல் பிடி என்கிறது. ஒற்றைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு மூன்று விநாடி அசையாமல் இருந்து பாருங்கள்.

இதற்குப் பாதி மருந்து உண்டு. கழுத்தில் மாட்டும் கயிறு வைத்த போன் உறை வாங்கி, போனை நெஞ்சில் தொங்கவிடுவது. ஐடி கார்டு மாதிரி இருக்கும், பரவாயில்லை. கை திரும்பக் கிடைத்துவிடும். எம்.சி. ரோட்டுக்கு இது தாராளம். நெரிசலில் நானும் ஒரு ஆள், கடை வாசலில் புடவையை விசிறிப் போடுகிறவரை இரண்டடி தூரத்திலிருந்து எடுத்தேன். கேரம் கிளப்பில் மட்டும் இது உதவவில்லை. போர்டுக்கு மேலே ஒரு விளக்கு, மற்ற இடமெல்லாம் இருட்டு. புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் போய்க் கேரம் உலகப் பட்டத்தை அடித்துக்கொண்டு வந்தபிறகு எங்கள் கிளப்புக்கு வாண்டுகள் கூட்டம் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளைகள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற விரல் போனில் பஞ்சு மாதிரிதான் விழும்.

போனில் எனக்கு இன்னொரு மனத்தாங்கல். கை இப்படி ஆனபிறகு வெளியே போனாலே “இன்னாச்சுப்பா கைக்கு?” என்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், ஷேர் ஆட்டோவில் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனாலும் ஒரே கதையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வது? போனோடு போனாலும் அதே கேள்விதான். கூடவே, ஒற்றைக் கையால் போனைத் தூக்கிப் பிடிக்கிறவன் மேல் ஒரு சந்தேகப் பார்வையும் விழும். யாரை எடுக்கிறான், எதற்கு எடுக்கிறான் என்று. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போன முதல் நாள் காசிமேட்டில் ஒரு அக்கா கேட்டது, “எந்தப் பேப்பர்ல வரும்?” கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் வேறு கேள்வி. இதை எந்த யூடியூப் ஒப்பீட்டிலும் சொல்ல மாட்டார்கள். என் கணக்கில் இது சென்சாரைவிடப் பெரிய விஷயம்.

சரி, கேமரா என்றால் எது?

இன்று கடையில் கிடைக்கிற ஏறக்குறைய எல்லாக் கேமராவிலும் ஷட்டர் வலது பக்கம். பிடிமானம் வலது பக்கம். திருகுகிற சக்கரங்களும் பெரும்பாலும் வலது பக்கம். இடது கை என்பது லென்ஸைத் தாங்குகிற கூலியாள் மட்டுமே. 1936இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் செய்த கீனே எக்சாக்டாவில் ஷட்டர் இடது பக்கம் இருந்தது. 1989இல் யாஷிகா ‘சாமுராய்’ கேமராவை இடது கைக்கென்றே ஒரு வகை செய்து விற்றது. இரண்டுமே ஃபிலிம். ரோல் மாட்ட, சுருட்ட, கழுவக் கொடுக்க என்று யோசித்தாலே எனக்கு இன்னும் இரண்டு கை தேவைப்படும். அலமாரிக்கு அழகு, வேலைக்கு ஆகாது.

டி.எஸ்.எல்.ஆர்., அதாவது உள்ளே கண்ணாடி வைத்த பருமனான கேமரா, பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். கேனன் 1500டி மாதிரியானவற்றில் திரை திரும்பாது, தொட்டு எடுக்கவும் வராது. கண்ணை ஒட்டி வைத்து, வலது பக்கப் பொத்தானை இடது கையால் எட்டி அழுத்த வேண்டும். லென்ஸோடு சேர்த்து ஏறக்குறைய 700 கிராம். நண்பனுடையதை ஒரு வாரம் வைத்திருந்தேன், கழுத்து ஒரு மாதம் வலித்தது. தொடுதிரையும் திரும்பும் திரையும் உள்ள டி.எஸ்.எல்.ஆர். உண்டு, 2017இல் வந்த 200டி அப்படித்தான். ஆனாலும் அந்தப் பருமனைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

நான் வந்து நின்றது மிரர்லெஸ்ஸில், அந்தக் கண்ணாடி இல்லாத சின்ன ரகத்தில். என்னுடையது பழைய கேனன் எம்50. 2018இல் வந்த மாடல், உடல் மட்டும் 390 கிராம் அளவு. அதில் 22 மி.மீ. லென்ஸ் மாட்டியிருக்கிறேன், அது 105 கிராம். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோவைத் தாண்டாது. இதை எடுத்ததற்கு முக்கியக் காரணம் திரை. அது புத்தக அட்டை மாதிரி இடது பக்கம் திறந்துகொள்ளும். உள்ளங்கையில் கேமராவை ஏந்திக்கொண்டால் இடது கட்டைவிரல் சரியாகத் திறந்த திரைமேல் போய் விழுகிறது. தொட்டால் அந்த இடத்தில் ஃபோகஸ் ஆகி அப்போதே படமும் எடுத்துவிடும். வலது பக்கப் பொத்தான் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடலாம். செய்தவர்கள் நம்மை நினைத்துச் செய்யவில்லை, வீடியோ எடுக்கிறவர்களுக்காகச் செய்தார்கள். இருக்கட்டும், நமக்கும் ஆகிறது.

கூடவே ஒரு பலன், எடுக்கும்போது கேமரா நெஞ்சுக்குக் கீழே இருக்கிறது, முகத்தை மறைப்பதில்லை. காசிமேட்டில் உட்கார்ந்து மீன் வெட்டுகிற பெண்களை நின்றுகொண்டு மேலேயிருந்து எடுத்தால் நன்றாக இருக்காது. இடுப்பளவில் வைத்துத் திரையைக் குனிந்து பார்த்து எடுத்தால் அவர்கள் கண்ணும் லென்ஸும் ஏறக்குறைய ஒரே உயரம். பேசிக்கொண்டே எடுக்கலாம். சக்கர நாற்காலியில் வெளியே போகிறவர்களுக்கும் இந்தத் திரை ஒரு வரம்.

தலைகீழாகப் பிடிக்கிற வித்தையும் ஒன்று உண்டு. கேமராவை அப்படியே கவிழ்த்தால் வலது பக்கப் பிடிமானம் இடது பக்கம் வந்துவிடும், ஷட்டர் கீழே கட்டைவிரலுக்குச் சிக்கும். வெயிலில் திரை தெரியாதபோது கண்ணை ஒட்டி வைத்து இப்படி எடுக்கிறேன். படத்தை அப்புறம் போனில் திருப்பிக்கொண்டால் போயிற்று. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

கிட் லென்ஸை மட்டும் நம்பிவிட வேண்டாம். கேமராவோடு வருகிற ஜூம் லென்ஸ் பெரும்பாலும் வளையத்தைத் திருகுகிற ரகம். ஒரு கையில் கேமரா இருக்கும்போது அந்த வளையத்தை யார் திருகுவது? நான் மூன்று மாதம் முழங்காலில் வைத்துத் திருகிப் பார்த்தேன். அப்புறம் அதை விற்றுவிட்டு ஒரே குவியத்தூரம் உள்ள, ஜூம் ஆகாத லென்ஸுக்கு மாறினேன். கிட்டே வேண்டுமா, கிட்டே போ. கழற்றி மாட்டுகிற வேலையும் இல்லை. லென்ஸ் மூடிக்குப் பதிலாக ஒரு ஃபில்டரைத் திருகி நிரந்தரமாக விட்டிருக்கிறேன், மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு அலைந்த காலம் போய்விட்டது.

கேரம் கிளப்பில் இதற்கும் போனுக்கும் உள்ள தூரம் தெரிந்தது. லென்ஸ் எஃப்2 வரை, அதாவது நிறைய வெளிச்சம் உள்ளே வரும்படி அகலமாகத் திறக்கும். ஐ.எஸ்.ஓ. என்கிற வெளிச்ச உணர்திறன் 3200, ஷட்டர் திறந்திருப்பது 1/100 விநாடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை மினுக்கும், அதனால் 1/100 வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழாது. விரல் கொஞ்சம் கலங்கலாகத்தான் விழுகிறது, ஆனால் ஆடுகிற பெண்ணின் கண் கத்தி மாதிரி நிற்கிறது. வெளியில் வெளிச்சம் இருந்தால் 1/250க்குக் கீழே நான் இறங்குவதில்லை. ஒற்றைக் கை நடுக்கம் அதில் அடங்கிவிடும். முழங்கையை விலாவில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் என் இன்னொரு கை.

குறை இல்லாமல் இல்லை. தொட்டால் எடுக்கும் என்பதால் தொங்கும்போதும் எடுக்கும். முதல் வாரம் வீட்டுக்கு வந்து பார்த்தால் என் சட்டைப் பொத்தான் 214 படம். திரையை உள்பக்கம் மடித்து வைத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது. வார்தான் பெரிய பாடு. குறுக்காக மாட்டலாம் என்றால், வலது தோளில் வார் போட்டால் அடிபட்ட தோள் இறங்குகிறது. இடது தோளில் போட்டால் கேமரா வலது இடுப்பில் போய்த் தூங்குகிற கைமேல் மோதுகிறது. கூடவே வருகிற மெல்லிய வாரைக் கழுத்தில் போட்டாலோ அறுக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் செருப்பு தைக்கிற அண்ணன் ஒருவர் அகலமான கித்தான் பட்டையில் கழுத்து வாராகத் தைத்து, இடது கையாலேயே நீளத்தைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு கொக்கி வைத்துக் கொடுத்தார். 150 ரூபாய். கேமராவுக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியானது அது.

ஆக்‌ஷன் கேமராவையும் ஒரு நண்பரிடம் கடன் வாங்கிப் பார்த்தேன். கோப்ரோ 150 கிராம்தான், தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது, நெஞ்சில் கட்டிக்கொண்டால் கை முழுக்கக் காலி. இத்தனை நொடிக்கு ஒரு படம் என்று தானாக எடுத்துக்கொண்டே இருக்கும். குரலுக்கும் கேட்கும், ஆனால் தமிழ் தெரியாது, காசிமேட்டு இரைச்சலில் ஆங்கிலமும் தெரியாது. முதல் கேள்விக்கு நூற்றுக்கு நூறு. இரண்டாவதில் போயிற்று. அந்த நெஞ்சுப் பட்டையை ஒற்றைக் கையால் மாட்ட முடியவில்லை. விடியற்காலை மூன்றரைக்கு அம்மாவை எழுப்பி மாட்டிவிடச் சொன்னேன். ஐந்து வயதில் ஸ்கூல் பை மாட்டிவிட்ட மாதிரியே மாட்டிவிட்டாள். மறுநாள் எழுப்பவில்லை. இருட்டில் படமும் சுமார், எல்லாமே அகலக் கோணம், நான் தேர்ந்தெடுத்தது என்று சொல்லிக்கொள்ள அதில் அதிகம் இல்லை. ஆனால் இரண்டு கையும் வராதவர்களுக்கு, நாற்காலியின் கைப்பிடியில் கவ்வியால் பொருத்திக்கொள்ளக் கூடியவர்களுக்கு, நான் சொன்ன வரிசை தலைகீழாகும். அவர்களுக்கு இதுவும், குரலுக்குக் கேட்கிற போனும்தான் முதலில்.

ஸ்டாண்டில் வைத்து எடுக்கலாமே என்பார்கள். செக் நாட்டு யோசஃப் சூடெக், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், 1976இல் சாகிறவரை பெரிய பெட்டிக் கேமராக்களை முக்காலியில் ஏற்றிப் பிராக் நகரத்தையும் தன் அறை ஜன்னலையும் எடுத்துக்கொண்டிருந்தார். நிதானமாக, அசையாத பொருளை எடுக்கிறவர்களுக்கு அந்த வழி சரி. ராயபுரத்தில் 1856இல் கட்டிய ரயில் நிலையத்தை வெளியே நின்று எடுக்க வேண்டுமானால் நானும் முக்காலி கொண்டுபோவேன். சந்தையில் முக்காலியை விரிக்க ஒற்றைக் கைக்கு மூன்று நிமிஷம் ஆகிறது. விரித்ததும் “பர்மிஷன் இருக்கா?” என்று ஒருவர் வந்துவிடுவார். துறைமுகத்துக்குள் சும்மாவே எடுக்க விட மாட்டார்கள். ஒற்றைக்கால் ஸ்டாண்ட் தேவலாம்; வழுக்குகிற தரையில் ஊன்றுகோலாகவும் ஆகும்.

பிரிட்டிஷ்காரர் ஜைல்ஸ் டூலி 2011இல் ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் இரண்டு காலையும் இடது கையையும் இழந்தபிறகும் போர் நடந்த இடங்களுக்குப் போய்ப் படம் எடுக்கிறார். இவரைக் காட்டி “அவரே எடுக்கிறார், உனக்கென்ன” என்று யாராவது சொல்வார்கள். அவரிடம் மிஞ்சியது வலது கை என்பதைக் கவனியுங்கள். கேமரா அவர் பக்கம். நம் பிரச்சினை வேறு.

ஆக அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். முதல் மூன்று மாதம் போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடு. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஆபரேஷன் முடிந்து கை வருமா வராதா என்று காத்திருக்கிற மாதங்கள் நீளமானவை, நானும் அப்போதுதான் படம் எடுக்க ஆரம்பித்தேன். பணத்தை அதுவரை தொடாதே. அப்புறமும் ஆசை இருந்தால் பழைய எம்50 மாதிரி, இடது பக்கம் திரை திறந்து, தொட்டால் எடுக்கிற மிரர்லெஸ். எனக்கு லென்ஸோடு 31,000 ஆனது. அந்த லென்ஸ் வரிசையைக் கேனன் நிறுத்திவிட்டதால் பயந்து விற்கிறவர்கள் உண்டு. ஒரே லென்ஸ் போதும் என்கிறவனுக்கு அந்தப் பயம் வேண்டாம். 2023இல் வந்த கேனன் ஆர்50 இன்னும் நல்லது, 375 கிராம்தான், ஆனால் புதிதாக எடுத்தால் உன் பணத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மலிவாக வருகிறதே என்று சோனி ஏ6000 எடுத்துவிடாதே, அதில் தொடுதிரையே கிடையாது. கடையில் கேமராவைக் கையில் கொடுக்கச் சொல்லி, கடைக்காரரைச் சும்மா நிற்கச் சொல்லி, பேட்டரியையும் கார்டையும் நீயே கழற்றி மாட்டிப் பார். அவர் உதவிக்கு வருவார், விடாதே.

இதையெல்லாம் போன வாரம் அவனை மறுபடி வரிசையில் பார்த்தபோது சொன்னேன். பாதிதான் கேட்டான். என் கேமராவை வாங்கி இரண்டு படம் எடுத்தான். டோக்கன் சீட்டை எடுக்கக் கை வேண்டியிருந்தது. கழுத்தில் மாட்டவில்லை, மடியிலும் வைக்கவில்லை. வலது கை கிடந்த தூளிக்குள், அந்தக் கைமேலேயே, கேமராவைப் படுக்க வைத்துவிட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு வருடமாக வாருக்கு அலைந்த எனக்கு இது தோன்றவேயில்லை. “பிசியோ மேடம் பார்த்தா திட்டுவாங்கடா, தோள் இறங்கிடும்” என்றேன். உள்ளேயிருந்து மேடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திட்டவும் திட்டினார்.